அஸ்திவாரக் குரல்

“இது ஆம்பளைங்க பாடுற குழு! நான் இருக்கிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்!” ஹாண்டல் பியூ கறுப்பு மொச்சை ஒன்றை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். வாயிலிருந்த பெப்பர்மின்ட் கன்னம் மாறியது.

வெள்ளை மொச்சை சம்மதம், கறுப்பு மறுப்பு; ஓட்டுப் பெட்டியில் ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் புதியவரைச் சேர்க்க முடியாது. ஹாண்டலின் பேச்சுக்கு மறுபேச்சும் கிடையாது. கனத்த குரல் வரிசையில் முப்பது வருடம் உட்கார்ந்தவர். வேல்ஸில் எங்கள் பள்ளத்தாக்கே அவரைக் ‘குழுவின் அஸ்திவாரம்’ என்றுதான் சொல்லும்.

சேரக் கேட்டு வந்திருந்தவர் தபால் நிலையத்து ஹெலத், திருநங்கை. எட்டு வருடம் முன்புவரை ஹாண்டலுக்குப் பக்கத்து நாற்காலியில் பாடியவர்தான். கவுன் அணிந்து வந்த முதல் ஒத்திகையிலேயே விதியைக் காட்டி அவரை அனுப்பிவிட்டார்கள். அது அநியாயம்தான், ஆனால் அன்று ஒருவருக்கும் வாய் திறக்கத் தைரியம் வரவில்லை.

அந்த மாதமே ஹாண்டலுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது; பெப்பர்மின்ட் மிட்டாயாகச் சப்பியும் இன்றுவரை திறக்கவில்லை. குழுவும் போட்டிக்குப் போட்டி தோற்றது.

புதிதாக வந்த பாட்டு நடத்துநர் யெஸ்டின், பெயர்ப்பலகையில் ‘ஆண்கள்’ என்ற சொல்லுக்கு வெள்ளையடித்தார். சீருடையின் கழுத்துப்பட்டை ஆண் உடையா பெண் உடையா என்று மூன்று வாரம் சண்டை நடந்து, இன்று ஓட்டில் வந்து நின்றது.

“இனிமே ஆணா பெண்ணான்னு கேக்கப்போறதில்ல. குரல் கீழ இறங்குதா, போதும்,” என்றார் யெஸ்டின். “எல்லாரும் திரைக்குப் பின்னாடி நின்னு பாடணும். ரெண்டு ரெண்டு பேரா போங்க.”

ஹாண்டலின் முகம் வெளுத்தது. “நானுமா?”

“அஸ்திவாரம் இல்லாமயாண்ணே?”

சீட்டு குலுக்கியதில் ஹெலத்துக்கு ஒன்பது, ஹாண்டலுக்குப் பத்து. இருவரும் சேர்ந்து திரைக்குள் போனதும் சண்டை வெடிக்கும் என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். குசுகுசுப்புதான் கேட்டது.

ஒன்பதாம் குரல் இறங்கியபோது தேநீர்க் கோப்பைகள் அதிர்ந்தன. பத்தாவது கொஞ்சம் கரகரப்பு, ஆனால் இன்னும் ஆழம். யெஸ்டின் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அண்ணனுக்குத் தொண்டை திறந்துடுச்சுய்யா!”

அப்புறம் மொச்சை ஓட்டு. ஹெலத் பெட்டியையே பார்த்து நின்றிருந்தார். இன்று விட்டால் இனிப் பாட்டே இல்லை என்று அவருக்குத் தெரியும். பெட்டியைக் கவிழ்த்தார்கள். முப்பத்திரண்டும் வெள்ளை.

ஹாண்டலே எழுந்து பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். “வாம்மா, இங்க உக்காரு. உன் இடம்தான் இது.” மனுஷன் இப்படி மாறிவிட்டாரே என்று கூடமே கை தட்டியது.

ஹெலத் உட்கார்ந்தார். கைதட்டல் ஓயும்முன் ஹாண்டலின் காதருகே குனிந்தார்.

“பழையபடி உங்களுக்கும் நானே பாடிட்டேன்ல, தொண்டை வறண்டுபோச்சுண்ணே, ஒரு மிட்டாய் குடுங்க.”