ஐந்தே விநாடி

நான்காவது முறையாகத் தலையில் குண்டு வாங்கிச் செத்தான் ரேல்யா. சுட்டவன் யாரென்றுகூடத் தெரியவில்லை. ஐந்து விநாடி திரை உறைந்து நின்றது; மறுபடி அசைந்தபோது அவன் ஆள் தரையில் கிடந்தான்.

"போச்சு! மறுபடியும் நெட் போச்சு!" ஹெட்போனைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தான்.

"யாருடா ஜன்னலைத் திறந்து போட்டது?" நடையிலிருந்து அம்மா கோர்தானாவின் குரல். "ரெண்டு பக்கமும் திறந்து வெச்சா குறுக்குக் காத்து வராதா? அதான் உன் நெட்டுக்கு ஜன்னி கண்டுடுச்சு!"

"குறுக்குக் காத்துல கழுத்து பிடிக்கும், காது அடைக்கும்னு சொன்னே, சரின்னேன். நெட்டு எப்படிம்மா விழும்?"

"எங்கண்ணனுக்கு வாய் கோணினது எதுல? காத்துலதானே! அவரைவிடவா உன் வயரு கெட்டி?" ஜன்னல் படாரென்று மூடியது.

நீஷ் நகரத்து அடுக்குமாடியில் ஆறாவது மாடி அது. பெல்கிரேடின் வீடியோ கேம் அணி ஒன்று புதிதாக ஆள் எடுக்கிறது. இன்று மாலை நான்கு மணிக்குக் கடைசித் தேர்வு ஆட்டம். நடுவில் ஒருமுறை இணைப்பு அறுந்தாலும் பெயரை அடித்துவிடுவார்கள். இதை நம்பி டயர்க் கடை வேலையை வேறு விட்டிருந்தான்.

இரண்டு வாரமாகப் பார்க்காத வைத்தியமில்லை. வயரை மாற்றினான். நடையில், செருப்பு அலமாரிக்கு மேலிருந்த ரவுட்டரையும் மாற்றினான். மைக்ரோவேவ் அடுப்புக்குத் தடை போட்டான். மேல்வீட்டுக்காரனோடு ஒரு சண்டை. காலையில் ஒரு குறையும் இராது. மதியம் இரண்டு மணிக்கு மேல்தான், ஐந்தே விநாடி, அறுந்து அறுந்து வரும்.

"ரெண்டு மணிக்கு ஊரே வேலை முடிஞ்சு வந்து நெட்டை உறிஞ்சுதுடா," என்றாள் அக்கா சென்கா. மருந்துக் கடை வேலை முடிந்து அவளும் அந்நேரத்துக்குத்தான் வருவாள்.

"உறிஞ்சட்டும். இன்னிக்கு ஒருநாள் விட்டு உறிஞ்சக் கூடாதா?" பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்தான்.

அரைமணியில் போக்தான் வந்தான். இணைப்புக் கம்பெனியின் ஆள்; இரண்டு வாரத்தில் ஐந்தாவது வருகை. ஷூவைக் கழற்றிவிட்டு, அவனுக்கென்றே எடுத்து வைத்திருந்த வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டான்.

"வாங்கண்ணே," என்றான் ரேல்யா. "பேசாம இங்கேயே ஒரு கட்டில் போட்டுடட்டுமா? நாலு தடவை வந்து என்னதான் பார்த்தீங்க?"

போக்தான் நேரே செருப்பு அலமாரிக்குப் போனான். தன் போனை ரவுட்டரோடு இணைத்து, எப்போதெப்போது எது அறுந்தது என்ற பட்டியலை மேலிருந்து கீழே படித்தான். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து மறைந்தது.

"எங்க லைன்ல கோளாறு இல்லை, தம்பி. வீட்டுக்குள்ளதான் எங்கேயோ."

"எங்கேன்னு சொல்லித் தொலைங்களேன்!"

"அவசரப்பட்டா ஆகுமா? பார்த்துக்கலாம்."

"முதல்ல காபியைக் குடிப்பா," என்றாள் கோர்தானா. சென்கா தட்டோடு வந்தாள். குடித்து முடித்ததும் போக்தான் பழக்கப்பட்டவனாகக் கோப்பையைத் தட்டில் கவிழ்த்தான். கோர்தானா அதை நிமிர்த்தி, படிந்திருந்த காபி வண்டலை உற்றுப் பார்த்துக் குறி சொன்னாள்.

"நீ மறுபடி வருவேன்னு போன வாரமே சொன்னேனா இல்லையா? இப்பவும் தெரியுது பார். இந்த வாசப்படி உன்னை விடாது."

"உங்க வாக்கு ஒரு தடவைகூடத் தப்பலைம்மா."

"வாயை வைக்காதேம்மா!" ரேல்யா அலறினான். "இவர் வந்தா என் நெட் போச்சுன்னு அர்த்தம்!"

மணி மூன்று ஐம்பது. பையைத் தூக்கிய போக்தானைக் கதவருகே மறித்தான் ரேல்யா.

"ஆட்டம் முடியிற வரைக்கும் நகரக் கூடாது. அறுந்துச்சுன்னா உங்க கழுத்துதான்."

"இன்னும் ரெண்டு வீடு பாக்கி இருக்கே..."

"காத்திருக்கட்டும்," என்றாள் கோர்தானா. "சென்கா, இன்னொரு காபி போடு."

ஆட்டம் தொடங்கியது. ஒவ்வொரு நிமிடமும் இதோ உறையப்போகிறது, இதோ அறுபடப்போகிறது என்று எதிர்பார்த்தபடியே ரேல்யா ஆடினான். சமையலறையிலிருந்து சென்காவின் சிரிப்பு கேட்டது. வீட்டின் இரு பக்க ஜன்னல்களும் விரியத் திறந்து கிடந்தன; திரைச்சீலைகள் பறந்தன. யாரும் கத்தவில்லை.

நாற்பத்தைந்து நிமிடம். ஒரு விநாடிகூட அறுபடவில்லை.

"எடுத்துட்டாங்க! என்னை எடுத்துட்டாங்க!" ரேல்யா ஓடிவந்து போக்தானைக் கட்டிப்பிடித்தான். "கைராசிக்காரர் அண்ணே நீங்க! என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணலை. மூணு காபி குடிச்சேன்."

ரேல்யா நண்பர்களுக்குப் போன் போட உள்ளே ஓடினான். கோர்தானா வழியனுப்ப வாசல்வரை வந்தாள். போக்தான் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினான். நிமிர்ந்தபோது, அலமாரிக்கு மேல் ரவுட்டரில் செருகியிருந்த மஞ்சள் வயரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஞாயித்துக்கிழமை எங்கம்மாவைக் கூட்டிட்டு வரேன், அத்தை. இனிமே வயரைப் பிடுங்காதீங்க."