உப்பு மாதிரி கரையும்

"திருட்டுப் பயலே! இன்னாடா இது?"

செக்யூரிட்டி டில்லிபாபு போட்ட சத்தத்தில், காலை ஷிப்டுக்கு உள்ளே நுழையக் காத்திருந்த வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. இசக்கிதுரையின் டிபன் பைக்குள் ஒரு டிஷ்யூ பேப்பர் பொட்டலம். பிரித்தால் மஞ்சள் மாத்திரை ஒன்று. கம்பெனியின் புதுச் சரக்கு, வலிப்பு நோய்க்கானது.

இசக்கிதுரைக்கு எதுவும் உறைக்கவில்லை. விடிகிற நேரத்தில் வடக்குப்பட்டு வாடகை அறையில் அப்பாவுக்கு மறுபடியும் வலிப்பு. வாய் நுரையைத் துடைத்து, அழுக்கான வேட்டியை அலசிப்போட்ட கை இன்னும் தன்னுடையதுதானா என்றே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. வேறு யாரையோ திட்டுகிறார்கள் என்பது போல நின்றான்.

"நேத்து சுட்டத இன்னிக்கு யாராண்ட விக்கப் போற?"

"விக்கல அண்ணாச்சி. சூப்பர்வைசர்ட்ட காட்டலாம்னு..."

"கேட்டீங்களா? திருடிகினு போயி சூப்பர்வைசருக்கே படம் காட்டப் போறாராம் தொரை!"

வரிசை சிரித்தது.

அன்றைக்கென்று பார்த்துப் பிளான்ட் ஹெட் கோதண்டராமன் பூங்கொத்தும் கையுமாக கேட்டிலேயே நின்றிருந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து டைரக்டர் ரத்னா மேடம் வருகிறார். இந்த மாத்திரை மார்க்கெட்டில் நின்றுவிட்டால் அடுத்த வைஸ் பிரசிடென்ட் கோதண்டராமன்தான் என்று கேன்டீன் வரை பேச்சு.

மேடம் காரைவிட்டு இறங்கவும், கலாட்டா கண்ணில் படவும் சரியாக இருந்தது.

"என்ன கூட்டம்?"

வேறொருவராக இருந்தால் வியர்த்திருக்கும். கோதண்டராமனோ இழவு வீட்டில்கூட மைக் எங்கே என்று தேடுகிற ஆள்.

"திருட்டு மேடம். ஆனா இதைவிட நமக்கு ஒரு விளம்பரம் உண்டா?" மாத்திரையை வாங்கி, இரண்டு விரலால் உயர்த்திப் பிடித்தார். "லேசுல கரையாத மருந்து இது. பழைய மாத்திரையில பாதிகூட உடம்புல சேராது. நாமதான் மாவா அரைச்சு, ஒவ்வொரு துகளுக்கும் தனித்தனியா பூச்சு ஏத்தினோம். இப்ப வயித்துல விழுந்த நிமிஷம் உப்பு மாதிரி கரையும்!"

"சார், மெடிக்கல்ல வாங்கி எங்கப்பாவுக்கு இதத்தான் குடுக்கேன். ஆனா..." இசக்கிதுரையின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"பாத்தீங்களா, அப்பாவுக்காகத் திருடியிருக்கான். சென்டிமென்ட்!" மேடத்தைப் பார்த்து உருகியவர், டில்லிபாபு பக்கம் திரும்பியதும் இறுகினார். "சட்டம் சட்டம்தான். ஐடி கார்டைக் கழட்டு."

அடுத்த மாதம் பெர்மனென்ட் ஆக வேண்டியவன் அவன். கழட்ட வசதியாகத் தலையைக் குனிந்து கொடுத்தான்.

"ஃபினிஷிங்கைப் பாருங்க மேடம். எங்கெங்க உருண்டு வந்துச்சோ, பொறிச்ச எழுத்துகூட மழுங்கல!"

"மருந்து ரொம்பக் கசக்கும்னு சொன்னாங்களே?"

"கசப்பா? நம்ம மாத்திரையா?"

கோதண்டராமன் நாக்கை நீட்டி மாத்திரையை ஒரு நக்கு நக்கினார். கண்ணை மூடி, பாயசம் ருசி பார்க்கிற சம்பந்தி போல நிதானமாகத் தலையாட்டினார்.

"ஒண்ணுமே தெரியல மேடம்!"

மேடம் கைதட்டினார். மேடம் தட்டியதால் வரிசையும் தட்டியது.

சத்தம் ஓயும் வரை இசக்கிதுரை காத்திருந்தான். பிறகு, பஸ்ஸில் பாக்கிச் சில்லறை கேட்பவனைப் போல மெல்லச் சொன்னான்:

"அது முந்தாநாளு எங்கப்பா முழுங்குனது சார்."