மூன்றாவது கேள்வி

“மூணே கேள்வி. ஒண்ணு தப்பினாலும் ஆள் வார்டுக்கு!” மனநல அவசரப் பிரிவில் பயிற்சிக்கு வந்திருந்த உளவியல் மாணவர்களிடம் பேராசிரியர் முழங்கினார்.

எதிரே நோயாளி நாற்காலியில் இருந்த தையல்காரர், கடை திறக்க வேண்டுமே என்று நெளிந்துகொண்டிருந்தார். முதல் இரண்டு கேள்விகளுக்கு, தன் பேரையும் இருக்கும் இடத்தையும் சரியாகவே சொன்னார்.

“இன்னிக்கு என்ன கிழமை?”

“வியாழன் சார்.”

“பாத்தீங்களா! புதன்கிழமைன்னுகூடத் தெரியல. கால உணர்வே போச்சு. வார்டுல படுக்கை போடச் சொல்லியாச்சு, எழுதிக்குங்க.”

“சார், வந்து...” என்று இழுத்தாள் ஒரு மாணவி.

“பாஸாகணுமா, வேண்டாமா?”

எல்லாப் பேனாக்களும் புதன் என்றே எழுதின.

நர்ஸ் எட்டிப் பார்த்தார். “சார், வியாழக்கிழமை மீட்டிங்குக்கு எல்லாரும் உங்களுக்காகக் காத்திருக்காங்க.”

பேராசிரியர் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார்.

தையல்காரர் எழுந்து நர்ஸைப் பார்த்தார். “கோவிச்சுக்காதீங்கம்மா, பாவம். அந்தப் படுக்கையை இவருக்கே குடுத்துடுங்க. நான் கடைக்குக் கிளம்பறேன்.”