பட்டியலில் பதினோராவது

பட்டியலை இரண்டாம் முறையும் வாசித்தாள்.

பத்து: காஸ் சிலிண்டர், இரண்டு.

பதினொன்று: பவளம்.

பன்னிரண்டு: நுளம்பு மருந்து.

பவளம் அவள்தான்.

கையெழுத்து கணவருடையது. யோகநாதன் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, கலியாணவீட்டுச் சாமான் எழுதுவதுபோல ஆறுதலாக எழுதியிருந்தார். ஒஸ்லோவிலிருந்து வடக்கே இரண்டு நாள் கார் ஓட்டம். ஆற்றங்கரையில் கூடாரம். ஐந்து நாள் சல்மன் மீன்பிடிப்பு.

தூண்டில் தடிகள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆளின் பெயர் இருந்தது. யோகநாதன், அவருடைய கூட்டாளிகள் வில்வராசா, எட்வேட்.

வில்வராசாவுக்கு எழுதியிருந்தது அவளுடைய தடி.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் வருஷம் தடியை இரவல் கேட்டார்கள். கொடுத்தாள். அடுத்த வருஷம், தண்ணீரில் இறங்கி நிற்கப் போடும் அவளுடைய இறப்பர் உடுப்பு எட்வேட்டுக்கு அளவென்றார்கள். அதையும் கொடுத்தாள். ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, இப்போது ஆளையே சாமானோடு சேர்த்துக் கட்டியாயிற்று.

போன மூன்று வருஷமும் அவளும் கூடப் போனாள். உப்புக்குச் சப்பாணியாக. வெங்காயம் உரித்தாள். புட்டு அவித்தாள். நுளம்புக் கடியோடு சட்டி தேய்த்தாள்.

ஆறு அவள் முதுகுப் பக்கம் ஓடியது.

அந்த ஆறு யாருடையது? இவர்கள் ஒருவருமே நோர்வேக்கு வராத காலம், அதே வடக்கில், மீன் தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் நின்று மீன் வெட்டியவள் அவள். அவளோடு வேலைசெய்த இங்கர் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குத் தூண்டில் வீசப் பழக்கினாள். முதலில் தொழிற்சாலைக் கார் நிறுத்துமிடத்தில், முள் இல்லாத நூலோடு. பிறகு ஆற்றில்.

இறகும் நூலும் வைத்துக் கட்டிய பொய்ப்பூச்சிதான் இரை; அதற்குப் பாரம் கிடையாது. தடியைப் பின்னால் கொண்டுபோய், நூல் முதுகுக்குப் பின்னால் முழுதாக நீளும்வரை பொறுக்க வேண்டும். அதன் பிறகுதான் முன்னால் வீச வேண்டும்.

பவளம் பொறுத்தாள். இரண்டாம் கோடையில் ஏழு கிலோச் சல்மன் எடுத்தாள்.

வேலையை விட்டு வந்த அன்று இங்கர் கொடுத்த தடி அது. அவள் கட்டிய காசிலும் அவள் போட்ட கையெழுத்திலும் வந்திறங்கிய யோகநாதனுக்கு வீசப் பழக்கியதும் அதே தடியால்தான்.

இப்போது அவர் வில்வராசாவுக்குப் படிப்பிக்கிறார்.

போன வருஷம் ஆற்றங்கரையில் வெட்கத்தை விட்டுக் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, நானும் ஒரு நாளைக்கு வீசிப் பாக்கட்டே?"

"கல்லெல்லாம் வழுக்கும். நீர் விழுந்து கிழுந்து போனீரெண்டால் ஆர் எங்களுக்குச் சமைக்கிறது?"

மூன்று பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

தன்னுடைய அந்தச் சிரிப்பைத்தான் அவளால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

ஹோலில் யோகநாதனின் தொலைபேசி உரத்த சத்தத்தில் இருந்தது. மறுமுனையில் வில்வராசா.

"சாப்பாட்டுக்கு யோசியாதை மச்சான். பவளம் வாறா தானே."

குசினி மேசையில் கணினி திறந்திருந்தது. மணி பதினொன்று நாற்பது. பன்னிரண்டுக்குள் அனுமதிச் சீட்டுக்குப் பெயர் பதிய வேண்டும். அந்தத் துண்டு ஆற்றுக்கு மூன்று சீட்டுத்தான். ஆளின் பெயருக்குத்தான் தருவார்கள். பதிந்தால் மாற்ற முடியாது. ஆற்றுக் காவற்காரர் கரைக்கு வந்து அடையாள அட்டை பார்ப்பார். சீட்டு இல்லாதவர் கரையில் இருக்கலாம், சமைக்கலாம், தடியைத் தொடக்கூடாது.

இந்த விதியொன்றையும் யோகநாதன் வாசித்ததில்லை. நொஸ்க் மொழியில் படிவமென்றால் அவருக்குத் தலையிடி. வரி, வங்கி, வைத்தியர், சீட்டு எல்லாம் அவள் பாடு. அவர் பட்டியல் மட்டும் எழுதுவார்.

முதலாவது பெயரை அடித்தாள். வில்வராசா.

இரண்டாவது, எட்வேட். பாவங்கள். வரட்டும்.

மூன்றாவது கட்டத்தில் கோடு மின்னி மின்னி நின்றது.

சாமான். காஸ் சிலிண்டருக்குக் கீழே, நுளம்பு மருந்துக்கு மேலே. முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தி வந்து சேர்ந்த இடம்.

தொழிற்சாலைச் சம்பளத் துண்டில் ஒன்பது வருஷம் இருந்த பெயரை, முழுப் பெயரை, எழுத்து எழுத்தாக அடித்தாள். ஒருமுறை சரிபார்த்தாள். பொத்தானை அமத்தினாள்.

 

பட்டியலைத் தன் பக்கம் இழுத்தாள். அவருடைய அடிமட்டத்தையே வைத்து, பதினோராவது இலக்கத்தில் இருந்த பெயரை நேராக வெட்டினாள். பக்கத்தில், சீட்டில் இடம் கிடைக்காத பெயரை எழுதினாள்.

"பவளம், மூண்டு பேரும் பதிஞ்சாச்சோ?" ஹோலில் இருந்து குரல் வந்தது.

"ஓம். மூண்டு பேரும் பதிஞ்சாச்சு."

"பெரிய சோத்துச் சட்டி எழுத மறந்துபோனன். ஒருக்கா எழுதிவிடும்."

எழுதினாள்.

பதினோராவது இலக்கத்துக்குப் பக்கத்திலேயே எழுதினாள்.