மேலேறி வந்த வேப்பங்கட்டு

தென்பெண்ணை மைசூரைவிட்டுச் சேலம் ஜில்லாவுக்குள் நுழையும் இடத்தில், ஆற்று மணலிலேயே சூசைமேரியின் வெள்ளரித் தோட்டம் இருந்தது. வெள்ளம் வருகிறதென்றால் மேலேயுள்ள கன்னட ஊர்க்காரர்கள் வேப்பிலைக் கொத்துகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு வேப்பங்கட்டை ஆற்றில் விடுவார்கள். அதைக் கண்ட ஒவ்வொரு ஊரும் தன் பங்குக்கு ஒரு துணி முடிச்சுப் போட்டுக் கீழே அனுப்பிவிடும். முகம் தெரியாதவர்கள் செய்த அந்த உதவியால் அவள் மூன்று முறை பிள்ளையோடு கரையேறிப் பிழைத்திருக்கிறாள்.

1954 சித்திரையில் ஒரு காலை, கணுக்கால் அளவுத் தண்ணீரில் வேப்பங்கட்டு வந்தது. அது கீழேயிருந்து, ஓட்டத்தை எதிர்த்து வந்தது. அதில் ஒன்பது முடிச்சுகள் இருந்தன. கீழே கிருஷ்ணகிரி வரைக்கும் ஆற்றோர ஊர்கள் ஒன்பது.

"ஏங்க, கட்டு வந்திருக்கு. கரையேறுங்க."

அவள் கணவன் இன்னாசிமுத்து சிரித்தான். "கீழேருந்து எங்கயாச்சும் வெள்ளம் வருமா புள்ள? கட்டை இழுத்துட்டு வந்த மீனைப் புடிச்சுக் கொழம்பு வை."

"முடிச்சுப் போட்டவங்க வெளையாட்டுக்குப் போட மாட்டாங்க. பிள்ளையத் தூக்குங்க."

அவள் முந்தானையைக் கிழித்துப் பத்தாவது முடிச்சுப் போட்டாள்.

"இன்னும் ஒரு முடிச்சு எதுக்கு?"

"மேல இருக்கறவங்களுக்கும் பிள்ளைங்க இருக்குதே."

சிலுவை போட்டுக்கொண்டு கட்டைத் தண்ணீரில் வைத்தாள். அது மெல்லத் திரும்பி மைசூர்ப் பக்கம் போனது.

இன்னாசிமுத்து அதற்குப்பின் சிரிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஏறினான். கரையிலிருந்து இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். மணலில் அவர்கள் விட்டுவந்த கால்தடங்கள், கீழ்ப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தண்ணீரால் நிறைந்துகொண்டிருந்தன.