தாய்மாமன் சீர்

மகள் கல்யாணம் அலைச்சலும் மனக்கஷ்டமும் இல்லாமல் நடக்கட்டுமென்று, அழைக்கிற வேலையை ஒரு கல்யாணச் செயலியிடம் விட்டேன். அது என் குரலிலேயே சொந்தபந்தம் எல்லோரோடும் பேசியது. வருஷக்கணக்கில் நான் முகம் பார்க்காத தம்பி கதிரேசனோடும் பேசி, அழுது, சமாதானமே ஆகிவிட்டது.

முகூர்த்தத்தன்று தாய்மாமன் சீரோடு வந்து நின்றான். தலை நரைத்திருந்தது. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேன்.

"அம்மா சாவுக்கு ஏன்டா வரல?"

"அதை ஃபோன்லயே சொல்லிட்டேனாமேக்கா."

"சொல்லிட்டேனாம்னா?"

"என் பக்கமும் செயலிதான் பேசுச்சு." சீர்த்தட்டை என் கையில் கொடுத்தான். "நீயும் மன்னிச்சிட்டியாமே. இனி எதுக்கு அது?"

எதை மன்னித்தேன் என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை. புகைப்படக்காரர் இன்னும் நெருங்கி நிற்கச் சொன்னார். நின்றோம்.