நாகத்தின் பல்

பாம்புக் காட்சிக் கூடத்தில் ஒரு நாகம் இருந்தாள். பார்க்க வருகிறவர்கள் பயமில்லாமல் கழுத்தில் போட்டுக்கொள்ளட்டும் என்று முதலாளி அவளுடைய விஷப்பையை அறுத்தெடுத்திருந்தார்.

பக்கத்துக் கூண்டு விரியன் கேட்டான்: "அக்கா, நாளைக்கு எனக்கும் அறுக்கப் போறாங்களாம். ரொம்ப வலிக்குமா?"

"வலி ஆறிடும். ஆனா கடிச்ச எலி சாகாம நம்ம வாய்க்குள்ள கிடந்து கத்தும். அதைத்தான் தாங்க முடியாது."

விரியன் சுருண்டுகொண்டான். அவனைப் பார்க்கப் பார்க்க நாகத்துக்கு மனம் கொதித்தது.

"விஷம்தானே போச்சு, பல்லு இருக்கே. நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

மறுநாள் காலையில் முதலாளி அவளைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். அவள் அவருடைய மணிக்கட்டைக் கவ்விப் பிடித்தாள். ஜனங்கள் அலறியடித்து ஓடினார்கள். "விஷம் இல்லைங்க, நில்லுங்க" என்று அவர் கத்தியது யார் காதிலும் விழவில்லை. சாயங்காலக் காட்சியிலும் விடாமல் கடித்தாள்.

அன்று இரவு விரியனுக்கு விஷப்பையை அறுக்கக் கத்தியோடு வந்த டாக்டரிடம் முதலாளி கட்டுப்போட்ட கையை நீட்டினார்.

"அறுத்ததே கடிக்குது. இன்னொண்ணை அறுத்து என்ன பிரயோஜனம்? நீங்க போங்க."

டாக்டர் போனபின் இரண்டு கூண்டுகளுக்கும் கண்ணாடி போட்டார்கள்.

"இனி என்னக்கா?" என்றான் விரியன்.

"இனி நம்மளைத் தள்ளி நின்னுதான் பார்ப்பாங்க" என்று நாகம் படமெடுத்தாள்.